கோடை முழுக்கத் தேடிய பிஸ்டல்

என் கணவர் ஒரு சாமான் வாங்கும் விதத்தை வந்து பார்க்க வேண்டும். கத்தரிக்காய் என்றால் ஒவ்வொன்றாகத் தூக்கி, காம்பைப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கடைசியில் முதலில் எடுத்ததையே பைக்குள் போடுவார். குளிர்கோட்டு என்றால் குளிர் முடிந்த பிறகுதான் வாங்குவார். அப்போதுதான் விலை இறங்குமாம். எங்கள் காரை அவர் தேடத் தொடங்கியபோது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கார் வீட்டுக்கு வந்தபோது அவள் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் புறப்பட்டால் எப்படியிருக்கும்?

துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் அதற்கென்று கிளப்புகள் இருக்கின்றன. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, பூட்டிய பெட்டிக்குள் பிஸ்டலை வைத்துக் காரில் கொண்டுபோய், சுவரோரம் தொங்கும் கடதாசியைச் சுட்டுவிட்டு, மறுபடியும் பூட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு பாடும் ஒரு கடதாசியில் ஓட்டை போடுவதற்கு. அதை வீட்டில் இருந்தபடி ஒரு பேனாவால் குத்திச் செய்யலாமே என்று நான் கேட்டேன்.

ஆனால் அவரைக் கிளப்புக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் அவர் வேலை செய்தார். கொரோனா வந்தது, ஆட்களைக் குறைத்தார்கள், இவருடைய வேலை போனது. முதுகும் சரியில்லை, வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது, இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று மோர்னிங்சைட் வீட்டில் யன்னலோரச் செற்றியில் சாய்ந்து இருந்தவர்தான், எழும்பவேயில்லை. முகம் மழிக்கவில்லை. கலியாணவீடு, பிறந்தநாள் என்று ஒன்றுக்கும் வரவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து பார்த்தால், காலையில் விட்டுவிட்டுப் போன அதே சேர்ட்டுடன், அதே இடத்தில், ரெலிவிஷனைப் போடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தால் அளைந்துவிட்டு வைப்பார். மருத்துவர் குளிசை கொடுத்தார். குளிசை மேசையில் இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் இப்படியே இருந்திருந்து ஒருநாள் எழும்பாமலே போய்விடுவார் என்று உண்மையாகவே பயந்தேன்.

அப்போதுதான் அவருடன் முன்பு வேலை செய்த ஒரு மன்னார்க்காரர், விட்பியில் இருக்கிறவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ஒரு சனிக்கிழமை வந்து இவரைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் கிளப்புக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற மனிதர் சனிக்கிழமை துப்பாக்கி சுடுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பின்னேரம் இவர் வீட்டுக்குள் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கையைக் கழுவினார். பிறகு கேட்டார்:

"என்ன கறி?"

அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். மூச்சை எப்படி அடக்குவது, விரலை எப்படி மெல்ல அழுத்துவது என்று சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை நீட்டி நீட்டிக் காட்டினார். எனக்குத் துவக்கென்றால் பிடிக்காது. சண்டை நடந்த எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? ஆனாலும் என்ன கறி என்று கேட்ட மனிதருக்கு, பீரங்கி வேண்டுமென்றாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கையெழுத்து என்பது சும்மா பேச்சுக்கல்ல. லைசன்ஸுக்கு விண்ணப்பித்தால் மனைவியும் கையெழுத்திட வேண்டும். போட்டேன். அத்தோடு விடவில்லை, ஒரு அதிகாரி எனக்கு ஃபோன் எடுத்து, உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று மரியாதையாகக் கேட்டார்.

இங்கேதான் நான் காரியத்தைக் கெடுத்தேன். எங்கள் பக்கத்தில் கட்டினவரையும் பெற்ற பிள்ளையையும் பிறத்தியாருக்கு முன்னால் புகழ்வதில்லை. நாவூறு பட்டுவிடும். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தால், "உது எங்க படிக்குது, நெடுக ஃபோனோடதான்" என்று சொல்லுவோம். புருசன் பொன்னாக இருந்தாலும், "அந்தாளைக் கொண்டு ஒரு பிரயோசனமில்லை" என்போம். கேட்கிற ஆட்களுக்கும் அது விளங்கும். அந்த அதிகாரிக்கு விளங்கவில்லை. நான் என் ஆங்கிலத்தில், அவர் சொல்வழி கேளாத மனிதர், சரியான பிடிவாதம், நாட்கணக்கில் கதைக்க மாட்டார், கிரிக்கெட் பார்த்தால் ரெலிவிஷனைப் பார்த்துக் கத்துவார் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

"அவரைக் கண்டால் உங்களுக்குப் பயமா அம்மணி?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"பயமோ? கரப்பான் பூச்சிக்கே என்னைக் கூப்பிடுகிற மனிதர்" என்று சொல்லிச் சிரித்தேன். அதிகாரி சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை மகள் ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? அவையள் என்னைக் கூப்பிட்டு அப்பா ஓகேயா எண்டு கேக்கினம். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அண்ணைக்கும் இரண்டு தரம் ஃபோன் போயிருந்தது. லைசன்ஸ் இழுபட்டது. இவர் கோபிக்கவில்லை. "அவன் உம்மட்ட ஒரு கேள்விதான் கேட்டவன். நீர் கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லியிருக்கிறீர்" என்று மட்டும் சொன்னார். ஒருவழியாக லைசன்ஸ் வந்து சேர்ந்தது. வந்த கையோடு, கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் நாடு முழுவதும் நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்குமுன் வாங்கிப் பதிந்தவர்கள் வைத்திருக்கலாம், பிந்தினால் இல்லை.

ஊரில் பெற்றோல் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் சனம் எப்படி ஓடுமோ, அப்படி இங்கே வெள்ளைக்காரர்கள் துப்பாக்கிக் கடைகளுக்கு ஓடினார்கள். என் கணவர் ஓடவில்லை. அவர் கத்தரிக்காய் பார்க்கத் தொடங்கினார்.

அவருக்கு வேண்டியது பழைய பாணிப் பிஸ்டல். இப்போது வருகிறவை பிளாஸ்டிக் பிடியுடன் விளையாட்டுச் சாமான் போல இருக்கின்றனவாம். பழையது முழு இரும்பு, கையில் கனக்கும், பின்னால் சின்னச் சுத்தியல் ஒன்று நிமிர்ந்து நிற்கும். "நூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் கீறின படம். இண்டைக்கும் அதைத் திருத்த ஆளில்லை" என்பார். அசல் கம்பனிச் சாமான் எங்களுக்கு எட்டாத விலை. ஆனால் அதே படத்தைப் பார்த்து வேறு நாடுகளில் மலிவாகச் செய்கிறார்கள். அதிலும் இரண்டு வகை. மெல்லிய ரவை போடுகிறது, கொழுத்த ரவை போடுகிறது. ரவை என்றால் சுடுகிற குண்டு. "கொழுத்ததை எடுத்தா, தங்கச்சி, ரவை வாங்கியே இவன்ர பென்சன் புகையாப் போயிடும்" என்று அண்ணை எனக்குத் தனியாக எச்சரிக்கை செய்தார். ஆகவே மலிவுப் பிஸ்டல், மெல்லிய ரவை என்பது முடிவு. இதற்கு ஒரு கோடைகாலம் தேவையா?

முதலில் மிசிசாகாவில் ஒரு கடை. முதுகு காரணமாக நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது நான்தான். நான் காரிலேயே இருக்கிறேன் என்றேன். விடவில்லை.

"வந்து பக்கத்தில நில்லும்."

ஆங்கிலத்தில் பேரம் பேச ஆள் தேவையாக்கும் என்று நினைத்துப் போனேன். கடைக்காரர் லைசன்ஸைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புப் பிஸ்டலை எடுத்து, பின்னுக்கு இழுத்து, உள்ளே வெறுமை என்று காட்டி, ஒரு துணியின் மேல் வைத்தார். இவர் கையில் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அவருடைய முதுகு நிமிர்ந்தது. மகளை ஆஸ்பத்திரியில் முதன்முதல் கையில் கொடுத்தபோது இருந்த முகம். விலையும் அவர் சொன்ன விலைக்குள் நின்றது. மெல்லிய ரவை. இனியென்ன, முடிந்தது, வீட்டுக்குப் போய்ப் புட்டு அவிக்கலாம் என்று நினைத்தேன். அவர் ஒருதரம் என் பக்கம் திரும்பினார். பிறகு பிஸ்டலைத் துணியின் மேல் வைத்துவிட்டார்.

"பிறகு வாறம்" என்றார் கடைக்காரரிடம்.

காரில் ஏறியதும், "ஏன், என்ன குறை?" என்று கேட்டேன்.

"விலை இறங்கும் எண்டு நினைக்கிறன்."

நாடே ஓடி ஓடி வாங்குகிற சாமான் விலை இறங்குமாம்! நான் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் என்றால், வீடு வந்து சேரும் வரைக்கும் அதைப் பற்றியேதான் கதைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க எங்கள் விடுமுறை நாட்கள் துப்பாக்கிக் கடைகளில் போயின. மற்றக் குடும்பங்கள் நீர்வீழ்ச்சி பார்க்கப் போயின. ஒவ்வொரு கடையிலும் இவர் கையில் எடுப்பார், கனம் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், வைப்பார். "ஒரு பெட்டி ரவை சும்மா போடுவீங்களா?" என்று ஒரு கடையில் கேட்டார். காசாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று இன்னொரு கடையில் கேட்டார். கை முழுக்கப் பச்சை குத்திய அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்தரப்பட்டுத் தூண்டில்கள் தொங்கிய பக்கம் போய் நின்றேன்.

கோயிலிலும் பிறந்தநாள் மண்டபங்களிலும் இந்தக் கதையை நான் சொல்லாத ஆளில்லை. பிஸ்டலைத் தூக்கிக் காம்பு பார்க்கிற மாதிரி நடித்துக்காட்டுவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இவரும் அப்போது வெளியே வரத் தொடங்கியிருந்ததால் பக்கத்தில் நின்று தானும் சிரிப்பார். ஒருதரமாவது, அப்படியில்லை என்று சொன்னதில்லை.

ஆவணி முடியும்போது கடைகளில் தட்டுகள் வெறுமையாகத் தொடங்கின. புதிதாகச் சாமான் வருவதும் நின்றுவிட்டது. இருந்தவற்றின் விலை ஏறியது. "இவன் இப்பிடியே நிண்டா, தங்கச்சி, கடைசியில தண்ணித் துவக்குத்தான் கிடைக்கும்" என்றார் அண்ணை. நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. கடைகள் கைவிரிக்கக் கைவிரிக்க, இவர் மறுபடியும் செற்றியில் போய் இருக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் கறி என்னவென்று கேட்காமல் சாப்பிட்டார். இன்னொரு நாள் சாப்பிடவேயில்லை. கிளப் பிஸ்டலை எவ்வளவு காலத்துக்கு இரவல் வாங்குவது, அது சரிவராது, விட்டுவிடுவோம் என்று ஒரு காலை யன்னலைப் பார்த்தபடி சொன்னார். எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் இந்த மனிதர் தன்னையே தொலைக்கப் போகிறார் என்று ஆத்திரமும் வந்தது.

அன்றைக்கே காரில் ஏற்றினேன். விட்பிப் பக்கம் அண்ணை சொன்ன ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மிஞ்சிக் கிடந்தவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று மிசிசாகாவில் பார்த்த அதே கறுப்புப் பிஸ்டல். விலை கொஞ்சம் கூட. ஆனால் அதேதான். கடைக்காரர், தலை நரைத்த அமைதியான மனிதர், அதை எடுத்து வைத்தார். இவர் தொடவில்லை.

"வேற இருக்கோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். கடை என்றும் பார்க்கவில்லை, முன்னால் நிற்கும் வெள்ளைக்காரரையும் பார்க்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன விசரோ? இதைத்தானே முதல் கடையில கையில எடுத்தவுடன பல்லெல்லாம் தெரியச் சிரிச்சனீங்கள்? இன்னும் என்ன குறைய வேணும்? என்னட்டக் காசு இருக்கு. நான் குடுக்கிறன். இதை எடுங்கோ!"

அவர் பிஸ்டலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மிசிசாகாவில இதை அவன் மேசையில வைக்கேக்க, நீர் என்ர சேர்ட்டைப் பிடிச்சனீர்" என்றார்.

"நானோ? நான் எப்ப பிடிச்சனான்?"

"பிடிச்சது உமக்குத் தெரியாது. இப்பவும் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறீர்."

குனிந்து பார்த்தேன். அவருடைய சேர்ட்டின் ஓரம் என் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

கலியாணம் கட்டிய புதிதில், வெளிநாடு வருவதற்காகக் கொழும்பில் ஒரு அறையில் தங்கியிருந்தோம். ஊரிலிருந்து வந்தவர்கள் என்று, பதிவுக்காகப் பொலிஸில் எங்களை அடிக்கடி கூப்பிடுவார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, இடுப்பிலிருந்து ஒரு கறுப்புப் பிஸ்டலை எடுத்து, அதன் வாய் எங்கள் பக்கம் பார்க்க மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவான். அடிக்கவில்லை, ஏசவில்லை, பெயரைக் கேட்பான், முகவரி கேட்பான், அனுப்பிவிடுவான். அதை நான் மறந்துவிட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

"அப்பவும் இப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர்" என்றார். "வீட்டில வைக்கப்போற சாமான், இஞ்சேரும். நான் கிழமையில ஒரு நாள் தொடுவன். நீர் ஒவ்வொரு நாளும் அதோட ஒரு வீட்டில இருக்கோணும்."

பிறகு கடை கடையாகச் சொன்னார். அந்தப் பச்சை குத்தினவன் கடையில் நான் தூண்டில் பக்கம் ஏன் போனேன் என்று. இன்னொரு கடையில் கழிவறை எங்கே என்று கேட்டு, போய், நெடுநேரம் வராமல் நின்றதை. வேறொரு கடையில் வாயை மூடாமல் கதைத்துக்கொண்டேயிருந்ததை. பயம் வந்தால் எனக்குக் கதை கூடுமாம். எனக்கு அந்தக் கடைகள் எல்லாம் விலையாக நினைவிருந்தன. அவருக்கு என் முகமாக நினைவிருந்தன. பேரம் பேசியதெல்லாம், நான் கொஞ்சம் நின்று பார்க்கட்டும், பழகுகிறதா பார்ப்போம் என்று நேரம் கடத்தத்தான். அதிலும் பாதி உண்மையான பேரம் என்பது வேறு விஷயம். அந்த மனிதரை நான் அறிவேன்.

நரைத்த கடைக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கறுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே பழைய பாணிதான். ஆனால் வெள்ளியாக மினுங்கியது, பிடியில் தேன் நிற மரம் போட்டிருந்தது.

"இதைப் பாரும்" என்றார் என் கணவர். "வடிவாப் பாரும். பொய் சொல்லாதேயும்."

பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன?"

"கலியாணவீட்டில வாசல்ல வைக்கிற பன்னீர்ச்செம்பு மாதிரி இருக்கு."

அவரும் சிரித்தார். கையில் எடுத்துப் பார்த்தார். கறுப்பைப் பிடித்தபோது வந்த அந்த முகம் வரவில்லை. அதை நான் கவனித்தேன். அதோடு இது கொழுத்த ரவை போடுகிறது, விலையும் அவர் மனதில் வைத்திருந்ததைவிடக் கூட.

"கறுப்பையே எடுங்கோ" என்றேன். "நான் பழகிக்கொள்ளுவன்."

"உம்மைப் பழக்க நான் துவக்கு வாங்கேல்லை" என்றார். ஒரு சதமும் குறைத்துக் கேட்காமல் வங்கி அட்டையை நீட்டினார். கடதாசி வேலைகள் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால் முடிந்தன.

பிஸ்டல் இப்போது பேஸ்மென்றில், இரும்புப் பெட்டிக்குள், பூட்டுக்கு மேல் பூட்டோடு கிடக்கிறது. என் நகைகளுக்குக்கூட இவ்வளவு பூட்டில்லை. ரவைக்குப் போகிற காசை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். பயம் போய்விட்டது என்றும் பொய் சொல்லமாட்டேன். உடுப்புத் தோய்க்கக் கீழே போகும்போது அந்த மூலையைப் பார்க்காமல் போய்வருகிறேன்.

அது வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை. இவர் விடியவே எழும்பி, முகம் மழித்து, கலியாணவீட்டுக்குப் போகிறவர் மாதிரி சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு கீழே போனார். பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சேரும், நான் பெட்டியோட மேல வாறன். நீர் குசினிக்குள்ள போம். நான் காரில வைச்சிட்டுக் கூப்பிடுறன்."

நான் சமையலறைப் பக்கம் போகவில்லை. பேஸ்மென்றுக் கதவை முழுதாகத் திறந்து, அது மூடாமல் தோளால் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி வந்தவர், என்னைக் கண்டதும் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"ஏன் நிக்கிறியள்? முதுகு பிடிக்கப் போகுது" என்றேன். "மெதுவா ஏறி வாங்கோ."